வீணாகக் கிடக்க வேண்டிய பொருள்

என் தங்கச்சிக்கு,

நோயின் பெயரைக் கேட்ட பதற்றத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் ஒரு விக் வாங்கிவிட்டேன். படத்தில் கருகருவென்று இருந்தது, வந்ததோ செம்பட்டை. போட்டுக் காட்டினேன். உன் அத்தான் சிரிப்பை அடக்க இருமினார்.

"இந்த மருந்துக்கு முடி கொட்டாதும்மா" என்கிறார் டாக்டர். விற்றவர்கள் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

டாக்டர் அறைச் சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் அதிகமுள்ள இடங்களுக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். நாம் பிறந்து வளர்ந்த பக்கம் அடர்சிவப்பு. "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "ஒரு தங்கச்சி இருக்கா" என்றேன்.

சாக்கு சொல்லாமல் நீயும் போய்ப் பரிசோதனை செய்துகொள். விக்கை அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். யாருக்கும் உதவாமல் அது அங்கேயே வீணாகக் கிடக்கட்டும்.

உன் அவசரக்குடுக்கை அக்கா