றெமேதியோஸ் பாடிய தோசைப் பாட்டு

1994 ஜூன் 4, சனி

விடியவே மழை. கொடியில் போட்ட உடுப்பு நேற்றும் காயவில்லை, இன்றும் காயாது. றேடியோவுக்குக் கொண்டுபோக வேண்டியவை: மரண அறிவித்தல், கோயில் கூட்ட அறிவித்தல், பழைய பாட்டுக் கசற். கசற்றை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனேன். என் மண்டை.

சனிக்கிழமை றேடியோவில் எங்கள் தமிழ் மணித்தியாலத்துக்கு முன்னால் ஸ்பானிஷ்காரருடைய மணித்தியாலம். அதை நடத்துகிறவர் றெமேதியோஸ் (இனி றெ.), மெக்சிகோக்காரி. வயது போனவர். பக்கத்தில் எல்லர்ஸ்லியில் மகளோடு இருக்கிறார். தான் அங்கே பெரிய பாடகி என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். புலம்பெயர்ந்து இங்கே வந்தபின் எல்லோரும் ஊரில் பெரிய ஆட்கள்தானே. தபாற்கந்தோரில் முத்திரை குத்தினவரும் இங்கே தபாலதிபர். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இன்று நான் மைக்கைத் திறந்தபோது அவர் இன்னும் கதிரையால் எழும்பவில்லை. கைப்பையைத் தேடியபடி ஏதோ முணுமுணுத்தார். பாட்டு. அது அப்படியே ஒலிபரப்பில் போய்விட்டது. உடனே ரெலிபோன். வேங்கடேசன். தமிழ்நாட்டுக்காரர், கொம்பியூட்டர் வேலை. பிழை பிடிப்பதற்கென்றே எங்கள் நிகழ்ச்சியைக் கேட்கிறவர்.

"மேடம், இப்ப பாடுனது யாரு? அது எங்க அப்பா காலத்து சினிமாப் பாட்டாச்சே! தோசைப் பாட்டு. காமெடி சீன்ல வரும்."

"இல்லையே, இவ மெக்சிகோ மனுசி."

"அப்ப எங்க மெட்டை சுட்டுட்டாங்கன்னு சொல்லுங்க."

சிரிப்புக்காக றெ.இடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது தன்னுடைய பாட்டு, தன் முதல் இசைத்தட்டு என்றார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உங்கள் ஆட்களிடம் முழுப் பாட்டும் இருக்கிறதா? நடுவில் வருவதும்?"

ஜூன் 5, ஞாயிறு

மழை விட்டது. நல்ல குளிர். றெ. வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். "இஞ்சேரும், அந்தக் கிழவியோட உமக்கென்ன கதை? சமையலைப் பாருமன்" என்றார் என் மனுசன். சமையலை இவரிடமே விட்டுவிட்டுப் போனேன்.

சுவர் முழுக்கப் படங்கள். குதிரைமேல் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண், வாய் திறந்து பாடுகிறாள். பின்னால் கிற்றார்காரர் வரிசை. இன்னொன்றில் தியேட்டர் வாசல், சனம், சனத்தைத் தள்ளிப் பிடிக்கிற பொலிஸ். அத்தனையும் உண்மை! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குதிரை என்றால் பயம்" என்றார். "எல்லாப் படத்திலும் பயந்துகொண்டுதான் பாடினேன். சனம் அதைக் காதல் என்று நினைத்தது."

எங்கள் இருவர் ஆங்கிலமும் நொண்டி. ஆனால் சேர்ந்து நன்றாக நடந்தன. கேட்டதை மறக்க முதல் எழுதுகிறேன்:

சின்ன வயது. கூடாரம் அடித்து நாடகம் போடுகிற கொம்பனியில் தாய் இவரை விட்டார். "பொழுதுபட வருவேன்" என்று போனவர். வரவேயில்லை.

பெரியவளானதும் அதையே பாட்டாக்கினார். வயலின், ட்ரம்பெட். தலைநகர் றேடியோவில் பாடினார். சலூனில், பஸ்ஸில், சாப்பாட்டுக் கடையில் எல்லாம் இவர் குரல். பிறகு சினிமா.

பிறகு கலியாணம். "ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும்" என்றாராம் அந்த மனுசன். அவ்வளவுதான். பாட்டு நின்றது.

பாட்டின் நடுப்பகுதியை மேடையில் பாடினால் அழுகை வரும் என்று எப்போதும் விட்டுவிட்டு முடிவுக்குத் தாவிவிடுவாராம். அது இசைத்தட்டில் மட்டும்தான் இருந்தது. இவருடைய தட்டு வீடு மாறும்போது உடைந்தது. இசைத்தட்டுக் கொம்பனியும் இன்றில்லை. இப்போது மெட்டும் ஞாபகமில்லை, சொல்லும் ஞாபகமில்லை.

கழுத்துச் சால்வையை விலக்கிக் காட்டினார். தொண்டையில் வீக்கம். வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் ஒப்பரேஷன். குரல் திரும்பி வருமென்று டொக்டர் சொல்லவில்லையாம்.

"அதற்கு முதல் ஒரு தடவை முழுதாகப் பாடவேண்டும். பாட்டில் அம்மாவை நடுவழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்."

எத்தனை சனிக்கிழமை இந்த மனுசிக்குப் பக்கத்தில் நின்று கசற் அடுக்கியிருக்கிறேன்! கடவுளே.

ஜூன் 8, புதன்

பென்ரோஸ் பக்டரியில் வேலை. பெட்டி, பெட்டி, பெட்டி. மத்தியானம் கேற்றடியில் வேங்கடேசன், கையில் நான் கேட்டிருந்த தோசைப் பாட்டுக் கசற். அப்பாவுடையதாம். "நானும் வரேன் மேடம். யாரு யாரைச் சுட்டாங்கன்னு பாத்துடணும்."

பின்னேரம் மூன்று பேரும் எல்லர்ஸ்லியில். கசற்றைப் போட்டோம். சாப்பாட்டுத் தட்டு உருளும் சத்தம், சிரிப்பு, நகைச்சுவை நடிகரின் மூக்குக் குரல். எனக்குக் கூச்சம். பல்லவிக்கு றெ. தலையாட்டினார். சரணம் வந்தது.

வட்டத் தோசை வைத்த தட்டு வெறுமையாச்சே மாமி,
வாசல் தாண்டிப் போனதெங்கே, வாயைத் திற மாமி!

கையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பப் போடு என்று சைகை. திரும்பவும். அந்தக் கூத்துக்குள்ளேயிருந்து அவர் காது மெட்டை மட்டும் பிரித்து எடுத்தது. பிறகு மெல்ல முணுமுணுத்தார். இடம் பிசகாமல், முழுதாக. எந்த இசைத்தட்டு எந்தக் கப்பலில் மெட்ராஸுக்குப் போனதோ. மெட்டைக் களவெடுத்தவர்தான் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்.

ஸ்பானிஷ் சொற்கள் மட்டும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினார். இல்லை.

இதற்கு என்ன கருத்து என்று கேட்டார். எப்படிச் சொல்ல? சொன்னேன்: மருமகன் தோசை சுட்டு வைத்தான், மாமியார் தின்றுவிட்டார், கேட்கிறான். றெ. இருமல் வரும்வரை சிரித்தார்.

"அந்தக் கடைசிச் சொல்? மாமி?"

"மாமியார். அத்தையாகவும் இருக்கலாம். தெரிந்த பெண்கள் யாரையும் கூப்பிடலாம்."

அவர் சிரிப்பு நின்றது. "எங்களுக்கு மாமி என்றால் அம்மா. சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். என் பாட்டிலும் அந்த இடத்தில் அந்தச் சொல்தான். அது ஒன்று மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது."

வேங்கடேசன் கசற்றை இன்னொரு தடவை ஓடவிட்டார்.

நடுப்பகுதியைத் தமிழிலேயே பாடப் போகிறாராம், சொற்களைத் தன் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். 'ழ' இல்லை, தப்பினோம்.

ஜூன் 11, சனி

வெயில். நம்ப முடியவில்லை.

அவர்கள் மணித்தியாலத்தின் முடிவில் தொடங்கி எங்கள் மணித்தியாலத்துக்குள் முடிப்பதாக ஒழுங்கு. கிற்றாருக்கு ஸ்பானிஷ்காரப் பெரியவர் ஒருவர். றெ. தலைக்குப் பூ வைத்து வந்திருந்தார். றேடியோவுக்கு எதற்குப் பூ என்று நினைத்தேன். பாடத் தொடங்கியதும் விளங்கியது.

முதல் அடியில் குரல் கரகரத்தது. ஐயோ என்றிருந்தது எனக்கு. இரண்டாம் அடியில் எங்கிருந்தோ எழும்பியது. அந்த மெலிந்த உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இவ்வளவு காலம் எங்கே கிடந்தது? கண்ணாடி அதிர்ந்தது.

சரணம். தமிழில். "தாசே" என்றார் தோசையை. வெறுமையாச்சே என்பதை அப்படியே இழுத்தார். வாசல் தாண்டிப் போனதெங்கே என்று கேட்டார். மெய்யாகவே கேட்டார். பிறகு மாமி. குரல் அந்த இடத்தில் இரண்டாக உடைந்தது. நிறுத்தவில்லை, தாவவும் இல்லை. வாயைத் திற மாமி என்று கடைசிவரை கூப்பிட்டார்.

தோசைக்கு அழுதேன். வெட்கமில்லை.

வணக்கம் சொல்ல வேண்டியவள் நான். ஒலிபரப்பில் கொஞ்ச நேரம் ஒன்றுமேயில்லை.

ரெலிபோன். வேங்கடேசன். "மேடம்... ஒண்ணுமில்ல. தப்பு ஒண்ணும் இல்ல. வச்சிடறேன்."

வீட்டில் இவர் றேடியோவுக்கு முன்னால் தேத்தண்ணி ஆறவிட்டுக்கொண்டு இருந்தார். "என்ன குரலப்பா அது" என்றார், வேறு கதையில்லை. மகள் ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒய் ஆர் யூ க்ரையிங்? இட்ஸ் அபௌட் தோசை!" பிறகு அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

ஜூன் 14, செவ்வாய்

ஒப்பரேஷன். வேலையில் பெட்டிகளுக்கு லேபல் மாறி ஒட்டினேன். ஏச்சு.

ஜூன் 16, வியாழன்

மழை திரும்பவும். வேலை முடிய ஆஸ்பத்திரி. றெ. கழுத்து முழுக்கக் கட்டு. குரல் இல்லை. வருமா என்று அவர் மகளுக்கும் தெரியாது.

சனிக்கிழமைப் பாட்டைக் கசற்றில் எடுத்துப் போயிருந்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் எந்த அடியில் நிற்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் உதடு இரண்டு தடவை சேர்ந்து பிரிந்தது.

நேர்ஸ் வந்தாள். சொந்தக்காரர் மட்டும்தான் இருக்கலாமாம். இவர் உனக்கு என்ன முறை என்று கேட்டாள்.

"மாமி" என்றேன்.