சின்னம்மா சொல்லிக்கொடுத்த துஆ

6 ஜூலை 2025, ஞாயிறு

காலையில் சூராவில், எங்கள் சின்னத் தொழுகைக் கூடத்தில், வகுப்பு. தூங்கப் போகுமுன் ஓதும் துஆ. பிள்ளைகள் கத்திய கத்தலில் தூக்கம்தான் ஓடிப்போயிருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெலாப்பாங் பிள்ளைகளுக்கு நான் துஆ சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இரண்டு நாளும் என் மகள் ஹிபா பாரிட் புந்தாரில் அவள் அத்தா வீட்டில். தலாக் ஆனபோது நானே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. யாரைக் குறை சொல்ல?

சாயங்காலம் வந்தாள். சோற்றுத் தட்டின் முன் கையேந்தி, பாட்டாகவே பாடினாள். "அல்லாஹும்ம பாரிக் லனா ஃபீமா ரஸக்தனா..." இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு தூக்கு. நான் சொல்லிக்கொடுத்தது "பிஸ்மில்லாஹி வஅலா பரகதில்லாஹ்". என் அத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"சின்னம்மா. அவங்க சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்கிற தாஸ்காவுல எல்லாரும் இப்படித்தான் பாடுவாங்க."

"அது தப்பு லா. நம்ம துஆவைச் சொல்லு."

சொன்னாள். மெட்டில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு.

8 ஜூலை, செவ்வாய்

தப்பே இல்லை. இந்த நாட்டில் பாதிப் பேர் சாப்பிடும்போது அதைத்தான் ஓதுகிறார்கள். தெரிந்துதான் தப்பு என்றேன்.

10 ஜூலை, வியாழன்

நல்ல மழை. துணி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் ஹிபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள். "அல்லாஹும்ம ஸய்யிபன் நாஃபிஆ." பயனுள்ள மழையாக்கு என்கிற துஆ. ஆறு வருடமாக வகுப்பு எடுக்கிறேன், இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றியதில்லை. மழை வந்தால் எனக்குத் துணி ஞாபகம்தான் வருகிறது.

இதுவும் சின்னம்மாதான்.

மர்யம். சிலிம் ரிவர் தோட்டத்தில் தினேஸ்வரியாக வளர்ந்தவள். இஸ்லாத்துக்கு வந்தே மூன்று வருடம்தான், அதற்கப்புறம் ஹிபாவின் அத்தா சிக்கந்தரைக் கட்டினாள். புருஷன் போனதற்குக்கூட நான் இப்படி எரியவில்லை. அவர் போனது ஒருவகையில் நிம்மதி. ஆனால் என் பிள்ளையின் வாயில் அவள் சொற்கள் வந்து உட்கார்ந்தால்? அதை நான் எப்படிப் பொறுப்பேன்? பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

18 ஜூலை, வெள்ளி

அடுத்த சனிக்கிழமை சூராவில் நிகழ்ச்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு துஆ ஓத வேண்டும். ஹிபாவின் பெயரையும் சேர்த்துவிட்டேன், சாப்பாட்டு துஆ. கூட்டிப்போக வந்த சிக்கந்தரிடம், அன்றைக்கு அவள் இங்கேதான் இருப்பாள் என்றேன்.

"சரி ஹலீமா. நாங்களும் வாரோம்."

நாங்களும். அந்த 'நாங்கள்' யார் யார் என்று எனக்குப் புரியாமலா?

23 ஜூலை, புதன்

தினமும் சொல்ல வைக்கிறேன். காலை, மாலை, குளிக்கும்போதுகூட. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் என்னுடையதைத்தான் சொல்வாள்.

26 ஜூலை, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹிபா மைக்கைப் பிடித்தாள். "அல்லாஹும்ம பாரிக்..." என்று ஆரம்பித்தாள் — நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையைப் பார்த்தாள். மர்யம், தன் உதடு அசைந்துவிடக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் ஓடி, அவள் அத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்னிடமும் வரவில்லை, அவளிடமும் போகவில்லை.

செருப்பு மாட்டும் இடத்தில் மர்யம் என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இனிமே நான் ஒன்னும் சொல்லிக்கொடுக்கல. நீங்க சொல்லித் தர்றதையே நானும் படிச்சுக்கிறேன்."

"சரி" என்றேன். விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஹிபா இப்போது எந்தத் துஆவும் ஓதுவதில்லை. சாப்பாட்டுக்கு இல்லை, தூங்குவதற்கு இல்லை, வீட்டை விட்டு இறங்கும்போதும் இல்லை. ஏன் என்றால், "தப்பாயிடும்மா" என்கிறாள்.

உன் சின்னம்மா சொன்னதும் சரிதான் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள். சோற்றைப் பிசைகிறாள். வாய் திறப்பதில்லை.

வகுப்பில் பத்துப் பிள்ளைகள் எனக்காகக் கத்துகிறார்கள். வீட்டில் இப்படி. உஸ்தாசாவாம், ஓதிக்கொடுக்கிற உஸ்தாசா.

7 ஆகஸ்ட், வியாழன்

மர்யமுக்குப் போன் அடித்தேன். முதல் தடவை நானே.

"நான் சொன்னதுதான் தப்பு. உன் துஆ சரிதான். நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கிறா. நீ சொல்லு."

"நீங்க சொல்லச் சொன்னீங்கன்னே சொல்றேன் அக்கா. அப்பத்தான் அவ பயப்படாம இருப்பா."

வைத்துவிட்டேன். என் மகள் என்னை நம்புவதற்கு இவள் சிபாரிசு வேண்டியிருக்கிறது. மழை துஆவை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஏழு மணிக்கு ஹிபா வந்தாள். நெத்திலிச் சம்பலும் ரசமும் வைத்தேன். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு துஆவை ஓதினாள். நிறுத்தி, மற்றதையும் ஓதினாள். இரண்டுக்கும் ஆமீன் சொன்னேன். சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

முதலில் ஓதியது மர்யமுடையது. கவனிக்காமல் இருக்க முடியவில்லை.