காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலமாக இருக்கிறோம், நீயும் உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம். தங்கையும் அவளோடு படிக்கிற ஐந்து பேரும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது உனக்குத் தெரியும். வருடத்துக்கு வருடம் வெயில் ஏறுகிறது, உச்சிவெயிலில் வேலையை நிறுத்த ஒரு உத்தரவும் இல்லை, ஆட்கள் சாகிறார்கள் என்று வழக்கு. போன மாதம் அரசு வக்கீல் எழுந்து, வெயிலால் செத்ததாக ஒரே ஒரு சான்றிதழ் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவர்களிடம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, "ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருபது வருஷமா இருக்கியேம்மா, ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டாள்.

எப்படி இருக்கும், எழுதியதே நான்தானே. மூன்று வருடத்துக்கு முன் வெயில் கொளுத்திய அந்த ஒரு வாரத்தில் மட்டும் செத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். சூப்பிரண்டு என் மேஜை ஓரமாக வந்து நின்று, "வெயில்னு போடாதீங்க, இதயம் நின்னுபோச்சுன்னு போடுங்க, பொய் இல்லையே, கடைசில எல்லாருக்கும் அதானே நிக்குது" என்றார். சிரித்துவேறு வைத்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டார், காரணம் என்ற கட்டத்தை நிரப்பியது என் கை. முப்பத்தோராவது ஆளாக உன் அப்பாவைத் தார் போடுகிற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கும் அதையேதான் எழுதினேன், ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. அன்றிலிருந்து மேஜையில் உட்கார்ந்தால் முப்பத்தெட்டுப் பேரும் எதிரே வரிசையாக நிற்பார்கள். அப்பாவுக்கு இருந்தது தனக்கும் இருக்குமோ என்று நீ வருடா வருடம் நெஞ்சைப் பரிசோதித்து ரிப்போர்ட் அனுப்பும்போதெல்லாம் நான் செத்துப் பிழைத்தேன்.

இதையெல்லாம் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டேன். நர்ஸுகள் எழுதிய காய்ச்சல் சீட்டுகள் எந்த அலமாரியில் கட்டிக் கிடக்கின்றன என்றும் சொன்னேன். அப்பாவுக்கு நூற்றெட்டு டிகிரி. தங்கை என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நீதிபதி சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து, சான்றிதழ்களைத் திருத்தச் சொன்னார், உச்சிவெயிலில் வெளிவேலைக்கும் தடை போட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஒரு வாரம் வாய் திறக்காத உன் தங்கை நேற்று, சாப்டியாம்மா என்றாள். மேஜை போனாலும் அந்த முப்பத்தெட்டுப் பேரும் போகவில்லையடா, இப்போது அடுப்படியில் வந்து நிற்கிறார்கள்.

உன் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, நீ நூறு வயது இருப்பாய். தண்ணீர் நிறையக் குடி. அப்பாவின் திருத்திய சான்றிதழ் நகல் இதோடு இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு படி. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா