ஒஹாயோவில் அரக்கிய வேலி

அண்ணை,

போன வாரக் காற்று மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்வேலியை அப்படியே படுக்க வைத்துவிட்டது. இன்றைக்குப் புது வேலி போட ஆள் வந்திருக்கிறார். பச்சைப் பலகையின் மணமும் அதில் பூசிய எண்ணெயின் மணமும் குசினி வரை வருகின்றன. பழைய தூண்கள் நின்ற குழிகளில் கொங்கிறீட் உடைந்து இறுகிக் கிடக்கிறதாம். அதைக் கிளறி எடுக்க இன்னொரு நாள் வேண்டும், அரை அடி அந்தப் பக்கம் தள்ளி நட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தாலும் அவருக்குத் தெரியவா போகிறது என்று வேலிக்காரர் கண்ணைச் சிமிட்டினார். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பதில் சொல்கிறேன் என்று உள்ளே வந்த நான், கேத்திலை வைத்துவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதம். இந்த 2009ஆம் ஆண்டை முழுதாகப் பார்க்காமல் போனது உங்களுக்கு நல்லதுதான் என்று ஊரில் யுத்தம் முடிந்த மே மாதத்தில் பலமுறை நினைத்தேன்.

ஊரில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வளவு. ஒரு முழ அகல நிலத்துக்காக உங்கள் ஐயாவும் என் ஐயாவும் பதினொரு வருடம் வழக்காடிக் கோட்டுப் படி ஏறி இறங்கினார்கள். நீங்கள் அதே கோட்டில் பதிவாளர். அந்த வழக்குக் கட்டை மட்டும் கையாலும் தொடமாட்டேன் என்று இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தீர்கள். கடைசியில் நாங்கள் வென்றோம். பிறகு யுத்தம் வந்தது. இராணுவம் இரண்டு வளவையும் ஒன்றாகச் சேர்த்துக் கம்பி அடித்தது.

பல வருடம் கழித்து, இங்கே டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் உங்களைக் கண்டபோது, இடியப்பப் பார்சலை விட்டுவிட்டு ஓடலாமா என்று யோசித்தேன். நீங்கள் வந்து கையைப் பிடித்தீர்கள். "காணி அங்கை கிடக்கட்டும். நீர் வாரும், தேத்தண்ணி குடிப்பம்" என்றீர்கள். அன்று தொடங்கிய சனிக்கிழமைத் தேத்தண்ணி ஒன்பது வருடம் ஓடியது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரயில் மாறி வரும் நீங்கள் நேரத்துக்கு வருவீர்கள். பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் நான்தான் எப்போதும் பிந்துவேன்.

இங்கே நீங்கள் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளர். யார் வழக்கு, என்ன கதை என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் மனம் வெதும்பிச் சொல்வீர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, 'சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள் என்பீர்கள். அந்த ஒரு வரியை அவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. உங்கள் மகள் வேலை கிடைத்து ஒஹாயோவுக்குப் போனவள், அந்த மாநிலத்து நீதிமன்றங்களின் பழைய வரலாற்றை வாங்கி அனுப்பியிருந்தாள். செங்கல் பருமன். மற்றவர்கள் தலைக்கு வைத்துப் படுக்கும் அந்தப் புத்தகத்தை நீங்கள் தொடர்கதை போல வாசித்தீர்கள். கிழக்கிலிருந்து சனம் மேற்கே காடு வெட்டிக் குடியேறிய காலம். கோட்டுக் கட்டடமே கிடையாது. நீதிபதி சட்டப் புத்தகங்களைச் சேணப் பையில் போட்டுக்கொண்டு, குதிரையில் ஆறு கடந்து ஊர் ஊராகப் போவார். சட்டத்தரணிகளும் கூடவே போவார்கள். சத்திரத்து முன்னறையில் விசாரணை நடக்கும், ஜூரிமார் மரத்தடியில் கூடிப் பேசிவிட்டுத் தீர்ப்போடு வருவார்கள். மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமே வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலும் அமர வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிவைத்திருந்தார்களாம்.

"கோடு சனத்தைத் தேடிப் போயிருக்குது, பாரும்" என்று மேசையைத் தட்டினீர்கள். நீங்களும் பிளாஸ்க்கும் பையுமாக பெர்மிங்ஹாம், பிராட்போர்ட் என்று அலைகிறவர்தானே, குதிரை மட்டும்தான் இல்லை என்று பகிடி பண்ணினேன். குதிரை என்றால் நேரத்துக்கு வரும் என்றீர்கள்.

போன வருடம் இதே ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, புத்தகத்தைத் திறக்காமலே இருந்தீர்கள். நான் கேட்ட பிறகுதான் சொன்னீர்கள். அங்கே முதலில் இருந்த பழங்குடி மக்களோடு ஓர் எல்லை போட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். சில வருடத்தில் குடியேறியவர்கள் அந்த எல்லையைத் தாண்டினார்கள். உடனே புது ஒப்பந்தம், இன்னும் மேற்கே புது எல்லை. நீங்கள் கொண்டாடிய அதே குதிரைக்கார நீதிபதிகள் பின்னால் போய், தாண்டியவர்களின் காணி உறுதிகளைச் செல்லுபடியாக்கினார்கள். கடைசியில் அந்த மக்களுக்கு அந்த மாநிலத்தில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

"எல்லாம் பதிவிலை கிடக்குது. எதிர்த்தரப்புச் சாட்சி மட்டும் இல்லை" என்றீர்கள். "இது எங்கட வேலி அரக்கிற வேலைதான், தம்பி."

வருடா வருடம் வேலி அடைக்கும் சாட்டில், வேர்விட்டுத் துளிர்க்கும் வேலிக் கம்பான கதியாலைப் பக்கத்து வளவுக்குள் கொஞ்சம் தள்ளி நடுவதை ஊரில் அப்படித்தான் சொல்வோம். நீங்கள் பொதுவாகத்தான் சொன்னீர்கள் என்று நினைத்தேன். ஆனால் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். அந்த ஒரு முழத்தை அரக்கியவன் நான். இருபத்துமூன்று வயதில், பல்கலைக்கழக விடுமுறையில், உங்கள் வீட்டார் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த பகலில், ஐயாவும் நானும் பழைய கதியால்களைக் கிண்டி எறிந்துவிட்டு உள்ளே தள்ளிப் புதிது நட்டோம். பிறகு கோட்டில் ஏறி, வேலி எக்காலமும் அங்கேயே நின்றது என்று சத்தியம் பண்ணினேன். படித்த பிள்ளையின் சாட்சி என்று என்னை நம்பித்தான் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பிப் போய்விடுவீர்கள், ஒன்பது வருடச் சினேகிதம் அத்தோடு சரி என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்" என்றீர்கள். "அந்த வருசம் மற்ற வேலியெல்லாம் துளிர்த்து நிக்க, அந்தப் பக்கம் மட்டும் மொட்டையாய் நிண்டது. நான் பாத்தனான்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோட்டிலை வேலை செய்யிறவன் தன்ர தேப்பனுக்குச் சாட்சி சொன்னால், ஐயா வெல்லுவார். பிறகு ஆர் கோட்டை நம்புறது?"

உங்கள் ஐயா தோற்ற மனவருத்தத்தோடேயே கண்ணை மூடியவர். அதையும் தாங்கிக்கொண்டுதான் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்திருக்கிறீர்கள். உங்களைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, சொன்னதை எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கே கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஓரிடமும் இல்லை. பதிவிலை இருக்கட்டும்" என்றீர்கள். எழுதிக் கையெழுத்து வைத்தேன். நீங்கள் வாசித்தும் பார்க்காமல் புத்தகத்தில் அந்த ஒப்பந்தக் கதை வரும் அத்தியாயத்துக்குள் செருகிக்கொண்டீர்கள்.

தையில் உங்கள் செத்தவீட்டில் மகள் என்னைத் தேடி வந்தாள். "அப்பா இதை உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர், அங்கிள்" என்று புத்தகத்தைத் தந்தாள். தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே, பதிவாளர் எழுத்தில், திகதியிட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'சாட்சி நம்பத் தகுந்தவர்.'

பஸ்ஸில் மேல்தட்டில் இருந்து வீடு வரும் வரை அழுதேன்.

கேத்தில் எப்போதோ கொதித்து ஆறிவிட்டது. ஆள் இரண்டாவது சிகரெட்டையும் முடித்துவிட்டு ஜன்னல் வழியே என்னைப் பார்க்கிறார். பழைய குழியையே கிளறச் சொல்லப் போகிறேன். இன்னொரு நாள் வரவேண்டும் என்று முணுமுணுப்பார், அவரோடு சேர்ந்து கொங்கிறீட்டைப் பெயர்க்க நானும் அலவாங்கு பிடிப்பேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து, வேலி வடிவாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் நீங்கள் என்னைப் பற்றி எழுதிவைத்த அந்த ஒரு வரியை நான் பொய்யாக்க ஏலாது, அண்ணை.