நிறம் மாறாத தண்ணீர்

மாட்டுங்கா,
2.7.2024

அன்புள்ள தங்கமயிலுக்கு,

நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. தாராவிக்கு நானே வர முடியவில்லை. உன் மகள் பொன்செல்வியின் குழந்தைக்குப் புட்டிப்பால் என்றாய். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால் நைட்ரைட் என்று ஒன்று சேரும். கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்துவிடும். காய்ச்சினாலும் போகாது. ரசம் சுண்டினால் உப்பு குறையுமா, சொல். தண்ணீரை நான் சோதித்துச் சொல்லும்வரை கேன் தண்ணீரிலேயே பால்பவுடர் கலக்கட்டும்.

மாப்பிள்ளை ராஜசேகர் தினமும் இங்கே பூக்கடைக்கு வருகிறவர்தானே? குழாயில் பிடித்து ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. சோதனை மருந்து விட்டுப் பார்க்கிறேன். ரோஸ் நிறம் வந்தால் கெடுதல்.

அன்புடன்,
நாகலக்ஷ்மி

தாராவி,
4.7.2024

டீச்சருக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்துல இருபது வருசம் நான் மொண்டு தந்த தண்ணியத்தான குடிச்சிய? ரிட்டயர் ஆனப்புறமா சந்தேகம்? பாட்டிலப் புளி போட்டு மூணு தரம் கழுவிருக்கேன். மாப்ள கொண்டு வாராவ.

உங்க ஆயா,
தங்கமயில்

மாட்டுங்கா,
5.7.2024

அன்புள்ள தங்கமயிலுக்கு,

இரண்டு முறை பார்த்தேன். நிறம் மாறவேயில்லை. செல்வி இனிக் கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரையே காய்ச்சி ஆற்றிப் பால் கலக்கலாம். பாப்பாவுக்கு என் முத்தம்.

நாகலக்ஷ்மி

தாராவி,
29.7.2024

டீச்சருக்கு,

பாப்பா போய்ப் பதினோரு நாளாச்சு. உதடெல்லாம் நீலம். தண்ணிதான்னு டாக்டர் சொன்னாவ.

நான் அனுப்புனது குழாய்த் தண்ணி இல்ல டீச்சர். அன்னைக்குக் குழாயில நாத்தம். உங்க கைக்கு அதத் தர மனசு கூசிச்சு. கேன்லேர்ந்து ஊத்திட்டேன். உங்க லெட்டர வாசிச்சு செல்வி கேன நிறுத்தினப்பவும் வாயத் தொறக்கல. நாங்க எல்லாம் இதக் குடிச்சுத்தான வளந்தோம்னு இருந்துட்டேன்.

வீட்ல உங்களத்தான் ஏசுதாவ. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

மாட்டுங்கா,
5.8.2024

தங்கமயில்,

மற்ற வீட்டுத் தண்ணீரையும் சோதிக்க நேற்று வந்தேன். உங்கள் சால் வரிசை வீடுகளில் ஒருவரும் பாட்டில் தரவில்லை. "டீச்சர் டெஸ்ட்டு எங்க பிள்ளையோட போகட்டும்" என்றார் ராஜசேகர். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். நான் எதுவும் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டேன். முழங்காலைப் பார்க்காமல் அன்றே வந்து நானே பிடித்திருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது. உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்ற வீடுகளில் தண்ணீர் தருவார்கள்.

நாகலக்ஷ்மி

மாட்டுங்கா,
26.8.2024

தங்கமயில்,

பதில் வரவில்லை. உன் எதிர்வீட்டு மெஹக் பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்துவிட்டாளாம்; அதற்கும் புட்டிப்பால்தானாம். கேன் வாங்க அவர்களுக்கு வசதியில்லை என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

எனக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். அவள் வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிடு.

நாகலக்ஷ்மி