பாம்புக் காது

2023 மார்ச் 14, செவ்வாய்
கிஷாந்துக்கு நாற்பது நாள். மிட்வைஃப் மிஸ்ஸி எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து கடிதம் தந்தார். பிறந்ததும் மஞ்சள் காமாலை கூடி லைட்டுக்குக் கீழே கிடந்த பிள்ளை, அது காதைப் பாதித்திருக்கலாமாம். காது பரிசோதிக்க 28ஆம் திகதி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். கதவு அறைந்தாலும் எழும்பாத பிள்ளை. நல்ல தூக்கக்காரன் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம்.

மார்ச் 26, ஞாயிறு
அம்மன் திருவிழா. விஜிதரன் மகனைத் தூக்கிக்கொண்டு தப்பு மேளம் அடிப்பவர்களை ஒட்டியே போய் நின்றார். முதல் அடியிலேயே பிள்ளை உதறி முழித்தான். "பாத்தியா ஜீவா, பாம்புக் காது! இவனுக்கு என்னத்துக்கு டெஸ்ட்டு?" லயமே சிரித்தது. நானும்தான். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினேன்.

மார்ச் 28
போகவில்லை.

2024 ஜூன் 11, செவ்வாய்
பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மா அக்கா, "பேரச் சொல்லிக் கூப்புட்டா இவன் திரும்புறதே இல்ல ஜீவா" என்றார். எரிச்சலாக வந்தது. விஜிதரன், "நானும் மூணு வயசுலதான் பேசுனேன்" என்கிறார்.

2025 பெப்ரவரி 20, வியாழன்
கடைசியில் நுவரெலியா. இரண்டு காதும் கேட்கவில்லை.
தப்புச் சத்தத்துக்கு முழித்தானே என்றேன். "அவ்வளவு கிட்ட அடிச்சா உடம்பே அதிரும்மா. அதுக்குத்தான் முழிச்சிருக்கான். ஆறு மாசத்துக்குள்ள காது மெஷின் மாட்டியிருந்தா இந்நேரம் பேசப் பழகியிருப்பான்" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.
ஒரு பஸ் பயணம். அவ்வளவுதானே? எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேனே, பாவி.

பெப்ரவரி 21
ரெண்டு வருசமா யாருக்குடி தாலாட்டுப் பாடுன?

2025 நவம்பர் 4, செவ்வாய்
கிஷாந்துக்கு மெஷின் மாட்டி மூன்று மாதம். அடிக்கடி பிடுங்கி எறிகிறான்.
பக்கத்து வீட்டு அனுஷ்காவின் கைக்குழந்தைக்கும் அதே கடிதம். அவள் மாமியார் வேலாயி, "தீவாளி வெடிக்கு முழிச்சிச்சே, எதுக்கு அலையணும்?" என்றாளாம். அவர்கள் வாசலில் நின்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். இன்று நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.
அந்தப் பிள்ளைக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. "நீங்க இல்லாட்டி வந்திருக்கவே மாட்டேங்க்கா" என்று அனுஷ்கா கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது, பொய் சொல்லக் கூடாது.
திரும்பி வரும்போது அவள் பிள்ளை அழுதது. "ஓ... ஓ..." என்றாள். அவள் குரலுக்கே அடங்கிவிட்டது.
என் மடியில் கிஷாந்த் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் திரும்பினான், சத்தத்துக்கு. அது தன் பேர் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.