மூணாவதை மட்டும் தனியாத் தொடாதீங்க

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒன்பது பல் கேப், ஒரு பல்செட். பல்செட் திரும்பி வந்துவிட்டது. கடிக்கும்போது சத்தம் வருகிறதாம். எங்கள் லேபில் செய்த பல்செட்டுக்கு இந்த வருஷம் இது இரண்டாவது புகார்.

மதியம் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் போன் செய்தார். மகளுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டதால் இனி அவள் விருப்பத்தையும் கேட்பார்களாம். 27ஆம் தேதி, நானும் அவள் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல், அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்கள்: சனிக்கிழமைதோறும் அப்பா வீட்டுக்கு வர இஷ்டமா, இல்லையா. "பயப்படாதீங்க, சும்மா பேசுறதுதான்" என்றார். பல்லைப் பிடுங்குவதற்கு முன் எங்கள் டாக்டர்களும் இதையேதான் சொல்வார்கள்.

பயப்படாமல் எப்படி இருப்பது? போன சனிக்கிழமை நான் போட்ட படத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்கப் போனவள் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். அதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவள் அம்மா வீட்டில், அவள் அறையில், கேம் ஆடும் பெட்டி இருக்கிறது. என் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு சுவர் நிறைய சினிமா டிஸ்க்குகள். விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் பார்க்க வேண்டும் என்கிற சட்டம். நான்.

ஜூன் 4, புதன்

மெழுகு மேடத்திடம் கேட்டே விட்டேன். லேபில் பல்லுக்கு மெழுகில் வடிவம் கொடுப்பவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். சாப்பாட்டு வேளையில் போனில் கேம் ஆடுவார். "எனக்குக் கேம்னா ஒண்ணும் தெரியாது. படம்தான் தெரியும். எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். என்ன மாதிரிப் படம் பிடிக்கும் என்று கேட்டார். மெதுவாகப் போகிறவை, இசை குறைவானவை, யாராவது வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பவை என்றேன்.

"அப்போ சுடுறதெல்லாம் உங்களுக்கு ஆகாது சார்" என்று ஒரு வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று பெயர்கள் எழுதினார். முதலாவது, காலி வீடு ஒன்றில் அறை அறையாக நடந்து, அங்கே வாழ்ந்த குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது, ஓடும் ரயிலில் ஒரு திருட்டு. மூன்றாவதன் அடியில் இரண்டு கோடு போட்டார். "மூணாவதை மட்டும் தனியாத் தொடாதீங்க. அது ரெண்டு பேர் ஆடுறது."

இதில் எதை நல்ல டைரக்டர் எடுத்தது என்று கேட்டேன். "முதல்ல கன்ட்ரோலரை நேரா பிடிக்கக் கத்துக்குங்க" என்றார். அவருடைய தம்பி புதுப் பெட்டி வாங்கிவிட்டானாம். பழையதை எனக்குத் தருகிறேன் என்றிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். காலி வீடு. முதல் காட்சியே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. மழை. ஜன்னலோரம் ஒரு பெண், முதுகைக் காட்டி நிற்கிறாள். மூச்சு விடுவது தோளில் மட்டும் தெரிகிறது. நடுவில் ஒரு 'கட்'கூட இல்லை. இருபது நிமிஷம்! இவ்வளவு துணிச்சலோடு ஒரு காட்சியை நீட்ட இன்றைக்கு எவன் இருக்கிறான்? இந்த ஆட்களைப் போய் இத்தனை நாள் மட்டமாகப் பேசியிருக்கிறேனே. இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன்.

ஜூன் 6, வெள்ளி

மெழுகு மேடத்திடம் அந்த இருபது நிமிஷக் காட்சியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். டீ புரையேறி, அச்சு வார்க்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அது காட்சியில்ல. அந்தப் பொம்பளை நீங்கதான். பட்டனை அமுக்குவீங்கன்னு நின்னுட்டிருக்கா."

அசடு வழிந்தேன். பீங்கான் சுடும் பையன்களுக்கும் சொல்லிவிட்டார். சாயங்காலம்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

ஜூன் 7, சனி

வந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இது யாருது?"

"என்னுது."

"நீங்க கேம் ஆடுறீங்களா?"

"ஆடிப் பார்க்கிறேன்."

பின்னால் மாட்டியிருந்த வயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "27ஆம் தேதி பத்தி அந்த ஆலோசகர் ஆன்ட்டி சொன்னாங்களா?" என்றாள்.

சேச்சே, இல்லையே என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தன் போனோடு உட்கார்ந்துகொண்டாள். கன்ட்ரோலரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். தொடவில்லை. லஞ்சம் கொடுப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கொடுப்பவன்தானே?

ஜூன் 8, ஞாயிறு

போகும்போது சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். எப்போதும் மறந்துவிட்டுப் போவாள்.

ஜூன் 11, புதன்

காலி வீட்டை முடித்தேன். இரண்டு கட்டைவிரலும் வலிக்கின்றன. நடக்க ஒரு விரல், பார்க்க ஒரு விரல் என்பது இன்னும் பிடிபடவில்லை. சுவரில் முட்டுகிறேன், கூரையைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாடி அறையில் ஒரு அலமாரியை நான் திறக்காமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. திறந்தேன். உள்ளே அந்த வீட்டு அப்பா எழுதி, யாருக்கும் அனுப்பாத கடிதங்கள். படத்தில் என்றால் டைரக்டர் திறந்து காட்டியிருப்பார், நான் அழுதிருப்பேன், தீர்ந்தது. இங்கே நானே திறந்துவிட்டு, வைத்த இடத்தில் திருப்பி வைக்கத் தெரியாமல் நின்றேன்.

அவளுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். இன்றைக்கு அவள் ஞாபகமே இல்லாமல் இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறேன். இது நல்லதா?

ஜூன் 14, சனி

எழுதவே கை வரவில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் ரயில் கேமைப் போட்டு, அவளைக் கூப்பிடாமல் நானே ஆடினேன். ஐந்து நிமிஷம் பொறுத்தாள்.

"அப்பா, ஏன் சுவத்தையே பார்த்துட்டிருக்கீங்க?"

"இந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கிறேன்."

"அங்க ஒருத்தன் பெட்டியைத் திருடிட்டு ஓடுறான்."

சிரித்துவிட்டாள். எத்தனை நாள் ஆகிறது! என் பக்கத்தில் வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, அங்கே போங்க, அந்தக் கிழவர்கிட்டப் பேசுங்க, ஐயோ அது ஜன்னல், கதவில்ல என்று மூச்சுவிடாமல் பேசினாள். ரயில் ஒரு பாலத்தின்மேல் ஏறியது. கீழே ஆறு. எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் —

"உஷ்" என்றேன்.

என் பாழாய்ப்போன வாய். நினைத்துச் சொல்லவில்லை, பதின்மூன்று வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காலை மடக்கியிருந்தவள் கீழே இறக்கி வைத்து, படம் பார்க்க உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்தாள். அப்படியே எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லப்பா என்றாள். பரவாயில்லை என்றால் பேசு, எதுவானாலும் சொல்லு என்றேன். தட்டில் இட்லியைப் பிட்டபடியே சொன்னாள்.

"படம் முடிஞ்சதும் கேள்வி கேட்பீங்க. அந்தச் செருப்பை ஏன் காட்டினாங்க, கவனிச்சியான்னு. நான் தப்பாச் சொன்னா உங்க முகம் மாறிடும். சனிக்கிழமை வந்தாலே எனக்குப் பரீட்சை மாதிரி இருக்கும்ப்பா."

நான் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விளையாட்டு என்று. பெருமையாக லேபில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டேன். ஆமாம், பயந்துபோய்த்தான் வாங்கிவந்தேன், நீ வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்று. "தெரியும்" என்றாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து, "ரயில் கேம்ல திருடன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு" என்றாள். யார் என்று சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

திருடன் அந்தக் கிழவர். மகளுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அதை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எழுதினால் எனக்கே வெட்கம்.

ஜூன் 21, சனி

மூன்றாவதைத் தொட்டோம்.

சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர். ஒருவர் கையில் விளக்கு, இன்னொருவர் கையில் வரைபடம். விளக்கு வைத்திருப்பவருக்குப் பாதை தெரியாது, வரைபடம் வைத்திருப்பவருக்கு எதிரில் இருப்பது தெரியாது. விளக்கோடு நான் டிவியில், வரைபடத்தோடு அவள் தன் போனில். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு ரசித்தேன். இரண்டு பேரும் பள்ளத்தில் விழுந்து செத்தோம்.

"வாயைத் திறங்கப்பா. நீங்க பேசலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"வலது பக்கம் ஒரு தூண். அதுமேல வெளிச்சம் சாய்வா விழுது, பழைய —"

"தூண் போதும். வெளிச்சம் வேணாம்."

ஒன்பது தடவை செத்தோம். பத்தாவது தடவை அவளே, "அந்த வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுதுன்னு சொன்னீங்க?" என்றாள். அந்தப் பக்கம்தான் வழி இருந்தது. "ம்ம், உங்களுக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றாள் பெரிய மனுஷி.

மூன்று மணி நேரம். நடுவில், நீளமான ஒரு குகையில் நடந்துகொண்டிருக்கும்போது, அதே குரலில் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல மூணு பேர் இப்ப என்கூடப் பேசுறதில்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. "எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து. இடது பக்கம் போங்க."

போனேன். மதியச் சாப்பாட்டுக்கு யாருடன் உட்காருகிறாள் என்று கேட்டேன். லைப்ரரியில் தனியாகச் சாப்பிடுகிறாளாம். முன்னால் ஏணி இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது, மூன்றாவது படி உடைந்திருக்கிறது என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். அம்மா உடனே ஸ்கூலுக்கு வந்து நிற்பாங்க, அதனால் சொல்லவில்லை என்றாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேணாம். சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன். ஏறுங்க."

மார்ச், ஏப்ரல், மே. அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் நான் அவளுக்கு எந்தெந்தப் படங்களைப் போட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். பன்னிரண்டு.

ஜூன் 27, வெள்ளி

மூன்று கேப்களைக் கெடுத்தேன். இப்போது அந்த அறையில் இருப்பாள். இப்போது வெளியே வந்திருப்பாள்.

ஜூன் 28, சனி

வந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சுரங்கத்தில் இரண்டாவது கதவுவரை போனோம்.

ஜூன் 30, திங்கள்

ஆலோசகர் கூப்பிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் நீச்சல் வகுப்பில் சேரப் போகிறாளாம். அங்கே வேறு பிள்ளைகள் இருப்பார்கள். "அவ நல்லா யோசிச்சுத்தான் சொன்னா" என்றார்.

நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. என்ன தப்பு பண்ணேன்? பேசச் சொன்னா, பேசினேன். மார்க் போடலை, கேள்வி கேட்கலை, உஷ் சொல்லலை, அதுக்கு அப்புறமும் ஏன் குறைச்சா? வராமலே இருந்துடுவாளோ கொஞ்சம் கொஞ்சமா?

மெழுகு மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டு, கையில் இருந்த பல்லைச் செதுக்கியபடியே சொன்னார்:

"பதிமூணு வயசுல எங்கப்பாவை வாரத்துல ஒரு நாள்கூடப் பார்க்கப் பிடிக்காது எனக்கு. ஒரே வீட்டுலதான் இருந்தோம் சார்."

நீச்சலுக்குப் போகட்டும். லைப்ரரியில் தனியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு என் சோபாவைவிட அது நல்லதுதான். இதை எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூலை 5, சனி

அவள் வராத முதல் சனிக்கிழமை.

காலையில் வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். நான்கரை மணி நேரப் படம் ஒன்றைப் பல வருஷமாக எடுத்துவைத்திருக்கிறேன், யாரும் குறுக்கே வராத நாளுக்கென்று. அந்த நாள் வந்துவிட்டது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், விளக்கை அணைத்தேன், படத்தைப் போடவில்லை. திரும்பவும் விளக்கைப் போட்டேன்.

ஆறரை மணிக்குப் போன் வந்தது. குரல் அவசரமாக இருந்தது.

"அப்பா, பெட்டியை ஆன் பண்ணுங்க. ஹெட்செட் இருக்குல்ல?"

"இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"மூணாவது கதவு. எனக்கு ஒண்ணு தோணுச்சு. சீக்கிரம்."

ஒரு வீட்டில் இருந்துகொண்டு இன்னொரு வீட்டில் இருப்பவருடன் ஆட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹெட்செட்டைத் தலைகீழாக மாட்டி, அவள் திட்டி, சரியாக மாட்டினேன். அவள் மூச்சுவிடுவதுகூடக் காதுக்குள் கேட்டது. நீச்சல் எப்படி இருந்தது என்றேன். தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டதாம், பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் ஏறிவிட்டதாம், இருவரும் சேர்ந்து சிரித்தார்களாம். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். மூன்றாவது கதவில் நான்கு தடவை செத்தோம். அவளுக்குத் தோன்றியது தப்பு. எனக்குத் தோன்றியதும் தப்பு.

ஐந்தாவது தடவை ஆரம்பிக்கும்போது அவளுக்குப் பின்னால், தூரத்தில், அவள் அம்மாவின் குரல் கேட்டது. இந்தக் குரலை வக்கீல் இல்லாத இடத்தில் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"சாப்பிட வா. மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"கொஞ்சம் இரும்மா, அப்பாகூட இருக்கேன்."

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் ஓசை.

"சரி, முடிச்சிட்டு வா. ஆறிடும், மூடி வைக்கிறேன்."